எந்த அறிவியல் என்று கேட்டவர்

இரண்டு மாதமாக என் மேசை மேல் ஒரு தாள் கிடக்கிறது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது வெளியூரில் சமூகவியல் ஆய்வு செய்கிறாள். அவள் கொண்டுவந்த கேள்வித்தாள் அது. முன்பக்கம் பத்துக் கேள்விகள், எல்லாம் சரியா தவறா என்று டிக் போடும் வகை. பின்பக்கம் கருத்துக் கேள்விகள். அதில் முதலாவது இப்படி இருந்தது: “மொத்தத்தில் பார்த்தால் அறிவியலால் மனிதருக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா?” பதிலுக்கு மூன்று கட்டங்கள். நன்மை, தீமை, சொல்லத் தெரியவில்லை. நான் சொல்லும் தாளில் மூன்றும் காலியாக இருக்கின்றன. அந்தக் காலிக் கட்டங்களை இன்னும் என்னால் எடுத்து வைத்துவிட முடியவில்லை.

பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடியிருப்பு. மே மாதம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கடல்பாசி எடுக்கும் பெண்களும் அந்தச் சமயத்தில் நாற்பத்தைந்து நாள் கடலில் இறங்குவதில்லை. அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. மற்ற மாதங்களிலும் பன்னிரண்டு நாள்தான் போவார்கள். ஆகவே ஊரே கரையில் இருந்தது. ஓலைக் கொட்டகையில் நாற்பது பெண்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மாணவிக்கு ஊர் பழக்கமில்லை என்று துணைக்குப் போயிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்துக் கொடுத்தேன்.

சூரியன் பூமியைச் சுற்றுகிறதா, பூமி சூரியனைச் சுற்றுகிறதா? எலக்ட்ரான் அணுவைவிடச் சிறியதா? ஆன்டிபயாட்டிக் மருந்து வைரசையும் கொல்லுமா? லேசர் என்பது ஒலி அலையைக் குவிப்பதா? பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் கூறா? இப்படிப் பத்து. உலகத்தில் பல நாடுகளில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்று மாணவி சொன்னாள். மதிப்பெண்கள் குறைவாகத்தான் வந்தன. ஆனால் தாளைத் திருப்பினால் முதல் கேள்விக்கு, கடைசி ஆளுக்கு முன்வரை, ஒருவர் விடாமல் ‘நன்மை அதிகம்’. எனக்கு அதில் வியப்பு இல்லை. கலாம் பிறந்த தீவு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டீக்கடை, சலூன், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவர் படம். இந்தக் கரையில் அறிவியல் நல்லதா என்று கேட்டால் நம்ம வீட்டுப் பிள்ளை நல்லவனா என்று கேட்ட மாதிரிதான் காதில் விழும்.

அந்த வரிசையில் கடைசியாக வந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கலாம். நாற்பது வருடமாகப் பாசிக்குப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிச் சுற்றித் தழும்பு ஏறிய கை. பத்தில் மூன்று சரி. தாளைத் திருப்பி அந்த முதல் கேள்வியை வாசித்தேன். அவர் மாணவியைப் பார்த்தார்.

“எந்த அறிவியல் பாப்பா?”

பொதுவாகச் சொல்லுங்கள் என்றாள் இவள். அவர் தலையாட்டினார். “பொதுவான்னா எப்படிச் சொல்றது? எந்த அறிவியல்னு நீ சொல்லு, நான் சொல்றேன்.” சரி, ‘சொல்லத் தெரியவில்லை’ என்று குறித்துவிடலாம் என்று மாணவி பேனாவை எடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்படிப் போடாத. எனக்குச் சொல்லத் தெரியும்.”

பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். தடுப்பூசி நல்லது, அவர் அம்மா பெற்றதில் நான்கு போயிற்று, அவர் பெற்றதில் ஒன்றுகூடப் போகவில்லை. படகில் வைக்கும் ஜிபிஎஸ் நல்லது. வானிலைச் செய்தி நல்லது, தப்பினாலும் நல்லது. மீன்பிடித் தடை சரிதான், ஆனால் அதை இன்னும் யாராவது அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் நிறுத்தினார். “அந்தப் புதுப் பாசி. அது நல்லதில்ல.”

நான் நம்பியிருந்தது

முப்பது வருடம் அறிவியல் ஆசிரியை. தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பு எடுத்தேன். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் தனுஷ்கோடியில் ஏறத்தாழப் பத்து நிமிடம் தெரிந்தபோது, மணலில் நின்று கறுப்புக் கண்ணாடி விநியோகித்தவர்களில் நானும் உண்டு. அத்தனை வருடமும் என் வேலைக்கு அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தெரியாததால் பயப்படுகிறார்கள், தெரிந்துவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். பாத்திரம் காலி, நாம் ஊற்ற வேண்டும். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அப்படி நடந்துகொண்டேன்.

இது என் ஒருத்தியின் நம்பிக்கை இல்லை என்பதை மாணவி கொண்டுவந்த கட்டுரைகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1985இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி, வால்டர் பாட்மர் தலைமையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுமக்களுக்கு அறிவியல் போதுமான அளவு புரிவதில்லை, புரியவைப்பதை விஞ்ஞானிகள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. அடுத்த சில வருடங்களில் அங்கே எடுத்த கணக்கெடுப்பில், பூமி சூரியனைச் சுற்றுகிறது, அதற்கு ஒரு வருடம் ஆகிறது என்று சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பெரிய அதிர்ச்சி. மக்களுக்கு அறிவில் பற்றாக்குறை, அதை நிரப்பினால் மனப்பான்மையும் தானாகச் சரியாகும் என்ற எண்ணம் அங்கேயும் வேரூன்றியது. நம் அரசியலமைப்பில் 1976இல் 51ஏ பிரிவு வந்தபோது அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று எழுதினார்கள். அங்கே இருப்பது மனப்பான்மை என்ற சொல். நான் வகுப்பில் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டுத் தகவல்களைத்தான் கற்றுக்கொடுத்தேன்.

தகவலும் மனப்பான்மையும் சேர்ந்தே போகின்றனவா என்று பிறகு பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1989 முதல் 2004 வரை 40 நாடுகளில் எடுத்த 193 கணக்கெடுப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னத் தொடர்பு. அதற்கு முன்பே, 1995இல், பிரிட்டனில் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். அறிவியல் தெரிந்தவர்கள் பொதுவாக அறிவியலை ஆதரிக்கிறார்கள், ஆனால் மனித கரு ஆராய்ச்சி போல நெறி சார்ந்த கேள்வி எழுகிற துறைக்கு வந்தால் தெரிந்தவர்களே கூடுதலாக எதிர்க்கவும் செய்கிறார்கள். அதாவது, தெரிந்தவர்கள் எந்த அறிவியல் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். மூன்று மதிப்பெண் வாங்கிய அக்கா ஓலைக் கொட்டகையில் கேட்டதும் அதைத்தான்.

கூண்டு

இதைப் படித்தபோது வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில் புயல் பாடம். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் உண்டு, எண் கூடக் கூடப் புயலின் வலுவும் கூடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நான் பரமக்குடிக்காரி. கடலைப் பார்த்ததே வாக்கப்பட்டு வந்த பிறகுதான். மறுநாள் காலை ஒரு பையனின் அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கோபம் எதுவும் இல்லை. கொஞ்சம் தயங்கி, “பிள்ளைகளுக்கு அது மாறிப்போகக் கூடாது டீச்சர், அதான் வந்தேன்” என்றார்.

சாக்பீஸ் வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து வரைந்தார். ஒன்றும் இரண்டும் தூரத்துச் சேதி. கடலுக்குள் எங்கோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஒன்றுமில்லை. மூன்றும் நான்கும் துறைமுகத்தில் இருப்பவர்களை உஷார்படுத்துவது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே வலுவுள்ள புயல். ஐந்து என்றால் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரையேறும். ஆறு என்றால் வலப்பக்கம் விட்டு. ஏழு என்றால் நேராகத் துறைமுகத்து மேலேயோ ஒட்டியோ. எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே, இடம், வலம், நேர். ஆனால் கடும் புயலுக்கு. “ஆறாம் நம்பரு அஞ்சாம் நம்பரவிடப் பெருசு இல்ல டீச்சர். பக்கம்தான் வேற. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னு அதுலதான் இருக்கு. வடகடல்ல கெடக்குற வத்தைய இழுத்துத் தென்கடல்ல கட்டுறதா, இங்கயே விடுறதான்னு அதவச்சுத்தான் முடிவு பண்ணுவோம்.” வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடாப் பக்கம். வத்தை என்பது படகு. பிறகு பதினொன்றுக்கு வந்தார். “பதினொண்ணு எல்லாத்தவிடப் பெரிய புயல் இல்ல. சேதி வர்ற வழி அத்துப்போச்சுன்னு அர்த்தம். இனிமே அங்கேருந்து ஒண்ணும் வராது, நீயே பாத்துக்கன்னு அர்த்தம்.”

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனதைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருக்கு அந்தப் பதினொன்று பாடப்புத்தகத்து எண் இல்லை. அன்று கரும்பலகையை அழித்துத் திருத்தி எழுதினேன். பெயர் சொல்லாமல் “ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்” என்றேன். அந்தப் பையன் கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவரிடமே பின்னொரு நாள் கேட்டேன். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. எல்லாப் படகுகளையும் ஏற்றிக் கட்டினார்கள். ஊரைக் காலி செய்து பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். புயலோ பாம்பன் பக்கம் வந்ததும் வலுவிழந்து, நம் கரையை ஒட்டி நகராமல் நின்றுவிட்டது. மழைதான் மிச்சம். படித்தவர்கள் இருக்கும் என் வாட்ஸப் குழுக்களில் வானிலை மையத்தைக் கேலி செய்து தள்ளினார்கள். எல்லோரும் பட்டதாரிகள், சிலர் முதுகலை. அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், “அது கடலுக்குள்ள வந்து நின்னுச்சு. நிக்கும்னு யாரால சொல்ல முடியும்? கட்டுன படகு கட்டுனபடி இருக்கு, அதான வேணும்” என்று முடித்துவிட்டார். முன்னறிவிப்பு என்றால் எப்படிப்பட்ட பொருள், அது எங்கே நிச்சயமாக இருக்கும், எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அது தடுமாறியபோது அவர் நம்பிக்கை உடையவில்லை. எலக்ட்ரான் கேள்வியில் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

புதுப் பாசி

மறுபடியும் ஓலைக் கொட்டகைக்கு வருகிறேன். இந்தக் கரையில் பாசி என்றால் பல பாசி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. தீவுகளைச் சுற்றியிருக்கும் பாறைகளில் மூச்சைப் பிடித்து இறங்கிக் கையால் பறிப்பார்கள். வேரைச் சுரண்டக் கூடாது, மேலே பறித்தால்தான் அடுத்து முளைக்கும் என்பது அவர்களுக்குள் இருக்கும் சட்டம். அந்த மரிக்கொழுந்திலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் கூழாக உறைந்திருப்பது அகர்தான். அறிவியல் தெரியாதவர்கள் என்று நாம் கணக்கெடுத்த பெண்களின் கை படாமல் நம்முடைய நுண்ணுயிரியல் பாடம் நடந்திருக்காது. பள்ளியில் இருந்தவரை நான் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே தோன்றவில்லை.

புதுப் பாசி என்று அக்கா சொன்னது கப்பாபைகஸ். இங்கே இயற்கையாக விளைவது இல்லை, கிழக்காசியக் கடல்களிலிருந்து 1984இல் ஆய்வுக்காகக் கொண்டுவந்தது. சோதனைகள் முடிந்து 2000ஐ ஒட்டி ஒரு குளிர்பானக் கம்பெனி வணிக வளர்ப்பில் இறங்கியது. ஊரில் அந்தக் கம்பெனியின் பெயரே பாசிக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்கவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை. பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதை மறைத்து எழுதினால் பொய்யாகும். மூழ்காமல், கால் கிழியாமல், கரையோரமே நின்று சம்பாதிக்கக் கிடைத்த வேலையைப் பெண்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்?

“ஆரம்பிக்கும்போது கூட்டம் போட்டாக. நான் எந்திரிச்சுக் கேட்டேன்” என்றார் அக்கா. “வடகடல்ல கட்டுறீக. வாடைக்காத்து அடிச்சா மூங்கில் தெறிக்கும், கயிறு அறும். அறுந்த பாசி பாம்பன் வாய் வழியாத் தென்கடலுக்குப் போயிரும். அங்கதான எங்க தீவு இருக்கு, எங்க பாறை இருக்கு, அதுல ஒட்டிக்கிட்டா என்ன செய்றதுன்னு கேட்டேன். இந்தப் பாசி விதை போடாதும்மா, பரவாதுன்னு சொன்னாக.”

விதை போடாது என்பது பொய்யில்லை. வித்துகளால் அது இங்கே பெருகுவதாகக் காணவில்லை. சொன்னவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் அக்கா விதையைப் பற்றிக் கேட்கவில்லை. “துண்டு துண்டா வெட்டிக் கயித்துல கட்டுங்க, துண்டுலருந்தே வளரும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவுகதான். கயித்துல கட்டுன துண்டு வளரும். அந்து போன துண்டு மட்டும் வளராதா?”

2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தென்கடலில் இருக்கும் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் இந்தப் பாசி படர்ந்து, பவளங்களைப் பாய் விரித்தது போல மூடிவிட்டது என்று. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். மேலே கனமாக ஒன்று மூடினால் பவளம் செத்துவிடும். அதன்பின் தீவுகளில் ஆள் இறக்கி, பாறை பாறையாகக் கையால் பிடுங்க வேண்டியிருந்தது. பரவியது எவ்வளவு, அதை எப்படி எடைபோடுவது என்பதில் நிபுணர்களுக்குள்ளே இன்றும் ஒரே கருத்து இல்லை. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அக்கா முன்கூட்டியே கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்குக் கிடைத்தது வேறு கேள்விக்கான பதில்.

இதையெல்லாம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ செய்த தவறு, நான் நியாயத்தின் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன் என்ற நினைப்பு. அப்போது அக்கா என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீங்களும்தான டீச்சர் இருந்தீக.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார். “கட்டம் போட்ட சேல கட்டியிருந்தீக. அந்த சார் போனதுக்கப்பறம் நான் உங்ககிட்டயும் கேட்டேன். அவுக படிச்சவுக யோசிக்காமச் சொல்வாகளா, பயப்படாதீகன்னு சொன்னீக.”

சொல்லியிருப்பேன். அந்தக் கூட்டம் எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான், என் வாயிலிருந்து அது நூறு முறை வந்திருக்கிறது. கையில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டி, தெரியாததால் பயப்படுகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அவர் கேட்டது பயமே இல்லை. காற்றும் நீரோட்டமும் தெரிந்த ஒருவர் கேட்ட நேரான கேள்வி. அதை நான் கேள்வியாக எண்ணவே இல்லை. இருபது வருடம் கழித்தும் அவருக்கு என் சேலைக்கட்டம் நினைவிருக்கிறது.

மாணவி எனக்காகச் சங்கடப்பட்டுத் தாளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அக்காவிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர், “நீங்க திரும்பி வந்திருக்கீகல்ல, அவுக யாரும் வரல” என்றார். நான் இதற்காகத் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கம்பிரியாவின் ஆடுகள்

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்கத் தூசி காற்றில் ஐரோப்பா முழுக்கப் போயிற்று. மே தொடக்கத்தில் பெய்த கனமழையில் வட இங்கிலாந்தின் மலைப் புல்வெளிகளில் அந்தத் தூசியில் இருந்த சீசியம் இறங்கியது. கம்பிரியாவில் ஆடு மேய்க்கிறவர்களிடம் ஆடுகளை விற்கக் கூடாது என்று ஜூனில் தடை போட்டார்கள். மூன்று வாரம்தான், அதற்குள் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. தடை நீண்டது. களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு பிணைந்துவிடும், புல்லுக்கு ஏறாது. விஞ்ஞானிகளின் கணக்கு அதை வைத்துப் போட்டது. மலையில் இருந்ததோ செடிகொடி மக்கிய, அமிலத்தன்மையுள்ள கரிமண். அங்கே சீசியம் திரும்பத் திரும்பப் புல்லுக்கும் ஆட்டுக்கும் ஏறியது. கடைசிப் பண்ணைகளின் தடை 2012இல்தான் விலகியது.

பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த மேய்ப்பர்களிடம் பேசிப் பேசி எழுதியிருக்கிறார். மலை மண் வேறு, ஆடு மேயும் முறை வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு நிலையம். 1957இல் அங்கே தீப்பிடித்தது. இந்தக் கதிரியக்கம் எல்லாமே செர்னோபிலிலிருந்துதான் வந்ததா என்று அவர்கள் சந்தேகப்பட்டதற்குக் காரணம் அறியாமை இல்லை, அனுபவம். அவர்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். வின் கண்டது, அறிவியல் தன் எல்லையை ஒப்புக்கொள்ளாமல் உறுதியாகப் பேசியதை அவர்கள் கூர்மையாகக் கவனித்திருந்தார்கள் என்பதை. அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது குளிர் நாட்டு ஆடுகள் என் கண்ணில் படவில்லை. வாடைக்காற்றில் தெறிக்கும் மூங்கில்தான் தெரிந்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். என் கொழுந்தனார் பொறியாளர். அந்தப் பத்துக் கேள்விக்கும் பத்து வாங்குவார். 2010 கிரகணத்தன்று சூரியன் ஏன் வளையமாகத் தெரிகிறது என்று என்னைவிட அழகாக என் மாணவர்களுக்கு விளக்கினார். விளக்கி முடித்து, கிரகணம் விடும்வரை தண்ணீர்கூடத் தொடாமல் இருந்து, அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுத்தான் சாப்பிட்டார். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் கொரோனா சமயத்தில் தடுப்பூசி வேண்டாம் என்று எங்கள் குடும்பத்தில் கடைசிவரை வாதாடியவரும் அவர்தான். வாதத்துக்குத் தேவையான எண்களையும் வரைபடங்களையும் அவரால்தான் தேடி எடுக்க முடிந்தது. அமெரிக்காவில் டான் கஹானும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பிளவு குறையவில்லை, கூடியிருந்தது. யார் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரோ, அந்தக் கூட்டத்துக்கு வாதாட அறிவு பயன்பட்டது. தடுப்பூசி முகாமுக்கு முதல் நாளே போய் நின்றவர் மூன்று மதிப்பெண் அக்கா. அந்த நர்சம்மாவை அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். சொன்ன தேதிக்கு வருவார், காய்ச்சல் அடித்தால் மறுநாள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

நான் இவ்வளவு எழுதுவது, தகவல் சொல்லித்தர வேண்டாம் என்பதற்காக இல்லை. அன்று சாயங்காலம் நடந்த மிச்சத்தையும் சொன்னால்தான் அது விளங்கும்.

மாணவி பையை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். “பாப்பா, ஆம்பளப்பிள்ள பொம்பளப்பிள்ள கேள்வி ஒண்ணு இருந்துச்சே. அதுக்கு எது சரி?” அந்தக் கேள்விக்கு அவர் ‘தவறு’ என்று சொல்லியிருந்தார். சரியான விடையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, விளங்கவைக்கச் சொன்னார். கொட்டகைக்கு வெளியே போய் நான்கு சிப்பி பொறுக்கி வந்தேன். மூன்று ஒரே ஜாதி, ஒன்று வேறு. ஒரே மாதிரி இரண்டை அவர் பக்கம் வைத்தேன், இது தாய். என் பக்கம் ஒன்று அந்த ஜாதி, ஒன்று வேறு ஜாதி, இது தகப்பன். ஆளுக்கு ஒன்று எடுத்துச் சேர்த்தால் பிள்ளை. இரண்டும் ஒரே மாதிரி சேர்ந்தால் பெண். வேறு ஜாதி சிப்பி வந்து சேர்ந்தால் ஆண்.

அவர் சிப்பிகளை எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்று தடவை, நான்கு தடவை. “எம் மக கையில எத எடுத்தாலும் ஒண்ணுதான் இருக்கு.”

“ஆமாக்கா.”

“மாத்திக் குடுக்க அவகிட்ட வேற இல்லவே இல்ல.”

“இல்லக்கா.”

அவர் மகளுக்கு மூன்றும் பெண். மூன்றாவது பிறந்து எட்டு மாதம். மாமியார் வீட்டில் நடப்பதை அவர் விரிவாகச் சொல்லவில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இது எப்பலருந்து தெரியும் டீச்சர்?”

1905இல் கண்டுபிடித்தது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரியும் என்றேன்.

“நூறு வருசமாத் தெரியும்” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “எலக்ட்ரான், லேசரு எல்லாம் கேக்க ஆளு வருது. இத வந்து சொல்ல ஒருத்தரும் வரல.”

நான் ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் எடுத்திருக்கிறேன். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். அவர் மகள் எட்டாவதோடு நின்றவள்.

“எழுதிக் குடுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க, அவுக வீட்டுல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கு. பள்ளிக்கூடத்து சீல் வச்சுக் குடுங்க.” சீல் என்னிடம் இல்லை, ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது என்றேன். அப்படியானால் கையெழுத்துப் போட்டு, என்ன படிச்சிருக்கீகன்னும் கீழே எழுதுங்க என்றார். மீந்திருந்த கேள்வித்தாள் ஒன்றின் வெற்றுப் பகுதியில் எழுதினேன். தாய், தகப்பன், நான்கு வட்டம், அம்புக்குறி. கீழே என் பெயர், எம்.எஸ்சி., பி.எட். அவர் தாளை வாங்கி நான்காக மடித்து, பாசிக்குப் போகும்போது போடும் கண்ணாடி இருந்த பையில் வைத்தார். சிப்பிகளையும் விடவில்லை. நான்கையும் எண்ணி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, மக வீட்டுக்கு இன்னைக்கே போகணும் என்று எழுந்தார்.